அத்தையின் வாயைக் கட்டிவிட்டு அட்டையைக் காட்டலாமா?

கேள்வி: நான் கோயம்புத்தூர்ப் பெண். கல்யாணமாகி கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. பாப்பாவுக்கு ஏழு மாதம். அவள் மூளை வளர்ச்சிக்காகப் படம் போட்ட அட்டைகள், கறுப்பு வெள்ளைப் புத்தகம் எல்லாம் வாங்கிவிட்டேன். காலையும் மாலையும் ஃபோனில் இங்கிலீஷ் ரைம்ஸ் போடுகிறேன். வீட்டுக்காரருக்கு கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை, ராத்திரிதான் வருவார். பகலில் அத்தைதான் ஒத்தாசை. அவருக்குத் தமிழும் மலையாளமும் கலந்துதான் வரும். பூனையைப் ‘பூச்ச’ என்பார். பாப்பா குழம்பிவிடக் கூடாது என்று, அவளிடம் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது பேசாமல்தான் மடியில் வைத்திருக்கிறார். நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு விளையாட்டு மேட் பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா? தினமும் என்னென்ன விளையாட வேண்டும் என்று ஓர் அட்டவணை தாருங்கள்.
– வாசகி, பாலக்காடு மாவட்டம்

பதில்: அட்டவணை தர மாட்டேன், அம்மணி. எனக்கு உன் அம்மா வயது, அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

மேட்டின் நிறம், அதில் தொங்கும் பொம்மைகள், எத்தனை நாளில் வந்து சேரும் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாய் (இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறார்கள்). அத்தைக்கு ஒதுக்கியது நாலு வரி. அதில் ஒன்று என்னைத் தூங்க விடவில்லை. ‘இப்போது பேசாமல்தான் மடியில் வைத்திருக்கிறார்.’ பாப்பா அண்ணாந்து அந்த முகத்தைப் பார்த்து ‘ஆ... ஊ’ என்கிறாள். அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மருமகள் உத்தரவு. இதை எப்படி அவ்வளவு சாதாரணமாக எழுதினாய்?

எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். அம்மா முதலில் குழந்தையோடு சிரித்துப் பேசி விளையாட வேண்டும். அப்புறம் இரண்டு மூன்று நிமிடம் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் கொடுக்கும். அம்மா முகம் அசையவில்லை என்றால் தலையைத் திருப்பிக்கொள்ளும், பல குழந்தைகள் அழுதே விடும். இரண்டு மூன்று நிமிடத்துக்கே இந்தப் பாடு. உன் வீட்டில் இது பகல் பூராவும் நடக்கிறது.

சரி, குழப்பத்துக்கு வருவோம். பூச்சவுக்கும் பூச்சிக்கும் நடுவில் பாப்பா மாட்டிக்கொள்வாள் என்று பயப்படுகிறாய். இரண்டு மொழி கேட்டு வளர்கிற குழந்தை குழம்பிப் போவதில்லை. கலந்து பேசினாலும் கொஞ்சம் வளர்ந்ததும் யாரிடம் எந்தச் சொல் என்று தானே பிரித்துக்கொள்ளும். கொழிஞ்சாம்பாறையில் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் வளர்கிறார்கள், உன் வீட்டுக்காரர் உட்பட. இன்னொன்றும் கேள். கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் 1984-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இங்கிலீஷ் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் ‘ட’வையும் ‘த’வையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். ஆறேழு மாதக் குழந்தைகள் சுலபமாகப் பிரித்துக் கேட்டன. ஒரு வயதை நெருங்கிய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது முடியவில்லை, காதில் விழாத ஒலி நழுவிவிட்டது. மலையாளத்தில் ‘க’ நாலு விதம். உன் பாப்பாவின் காது திறந்திருக்கிற நேரம் பார்த்து வீட்டில் இருக்கிற மலையாளத்தை மூடி வைத்திருக்கிறாய். வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில் வாழப்போகிறவள் அவள்.

கலப்படத்துக்குப் பயந்த நீ ஃபோனில் இங்கிலீஷை ஓட விடுகிறாய், அது கலப்படம் இல்லையா? அது பாப்பா சிரித்தால் திரும்பச் சிரிக்குமா? 2003-ல் பட்ரீஷியா குல் குழுவினர் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசிக் காட்டினார்கள். 12 அமர்வு. எதிரே உட்கார்ந்து ஆள் பேசிய குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. அதே ஆள், அதே பேச்சு, ஆனால் டிவியில் என்றபோது ஒன்றும் ஏறவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் ஒரு வயது வரை திரையே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ரைம்ஸை இன்றோடு நிறுத்து.

விளையாட்டு கேட்டாயே, முக்கால்வாசி அத்தைக்குத் தெரியும். பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் குழந்தை கைகொட்டுவதற்கென்றே சப்பாணி என்று ஒரு பருவம் வைத்தார்கள். மலையாளப் பாட்டிகள் அதைத் ‘தப்பாணி’ என்று சொல்லிக் கொட்ட வைப்பார்கள். அத்தைக்கு இரண்டும் வரும், உனக்கு ஒன்றுதான். முந்தானையால் முகத்தை மூடித் திறப்பதை அவரிடம் விட்டுவிடு. மறைந்த முகம் போய்விடவில்லை, திரும்ப வரும் என்று குழந்தை கற்றுக்கொள்வது அதில்தான். மாடு படம் போட்ட அட்டையைக் காட்டுகிறாய், வெளியே போனால் வாலை ஆட்டிக்கொண்டு, மூச்சு விட்டுக்கொண்டு அசல் மாடே நிற்குமே! இடுப்பில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டட்டும்.

சமைக்கும்போது ஓர் எவர்சில்வர் டம்ளரையும் சின்னக் கரண்டியையும் பாப்பா முன்னால் வை. முதலில் வாயில் வைப்பாள், அப்புறம் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுவாள், அப்புறம் தரையில் போட்டு ணங்கென்ற சத்தத்துக்குத் திடுக்கிட்டு உன்னைப் பார்ப்பாள். நீ ‘அடடா, விழுந்துருச்சா?’ என்றால் போதும், பத்துத் தடவை போடுவாள். எடுத்துக் கொடுக்கச் சலித்துக்கொள்ளாதே, இந்த மாதத்துப் பள்ளிக்கூடம் அதுதான். ஆனால் தரையைக் கண்ணால் பெருக்கிப் பார். புளியங்கொட்டை, பட்டன் பேட்டரி மாதிரிச் சாமான் ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது.

மேட் வேண்டாம், பாய் போதும். முழித்திருக்கும்போது பாயில் குப்புறப் படுக்கவிட்டு எட்டாத தூரத்தில் அந்த டம்ளரை வை. இன்னும் தவழாவிட்டால் ஒரு நாளைக்கு மொத்தம் அரை மணியாவது இப்படிக் கிடக்க வேண்டும், ஒரே மூச்சில் வேண்டாம். பக்கத்தில் ஆள் இருக்கட்டும். ஒன்பது மாதம் முடிந்தும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ‘பபபா, மமமா’ சத்தம் இல்லை என்றால் டாக்டரிடம் காட்டிக் காதைச் சோதித்துவிடு.

உன் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. பெற்ற தாய் பேத்தியிடம் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது தெரியாமலா இருக்கிறார்? தெரிந்தும் சும்மா இருந்தால் அவரையும்தான் திட்டுகிறேன்.

அத்தையிடம் மன்னிப்புக் கேள். ‘தெரியாமச் சொல்லிட்டேன் அத்தை, நீங்க பேசுங்க’ என்று நேராகச் சொல். சட்டென்று பேச மாட்டார், வருத்தம் இருக்கும். பூனை அடுப்படிப் பக்கம் வரும்போது பாப்பாவை அவர் மடியில் வைத்து, ‘இது என்னங்க அத்தை?’ என்று நீயே கேள்.