பட்டை பட்டையாக ஒரு போர்வை

வணக்கம். ஐவரி கோஸ்ட்டில் வேலை பார்க்கும் என் தம்பி, கோரோகோ பக்கம் ஒரு பருத்திப் போர்வை வாங்கி வந்தான். டியூலா மக்களின் கைத்தறியாம். நீலமும் வெள்ளையுமாகக் கட்டங்கள், பார்க்க அழகுதான். ஆனால் ஒரு சாண்கூட அகலமில்லாத பட்டைகளை வரிசையாகத் தைத்திருக்கிறார்கள். இது ஒட்டுத்துணியா? அவர்களுக்கு அகலமாக நெய்யத் தெரியாதா?

க.

அன்புள்ள க.,

ஒட்டுத்துணி இல்லை. அதை நெய்யும் முறையே அதுதான்.

டியூலா நெசவாளிக்கு எதிரே பாவு, அதாவது நீளவாக்கு நூல், பல மீட்டர் நீளத்துக்குத் தரையோடு ஓடும். அதன் மறுமுனையில் கல் ஏற்றிய சறுக்குப் பலகை இருக்கும்; நெய்ய நெய்ய அது மெல்ல அவர் பக்கம் நகர்ந்து வரும். தலைக்கு மேல் மரக்கப்பியில், பாவு நூல்களைப் பிரித்துத் தூக்கும் இரண்டு விழுதுகள் தொங்கும், காலால் மாற்றி மாற்றி இழுப்பார். நூற்பது பெண்கள், நெய்வது ஆண்கள். வருகிற நீளப் பட்டையைச் சம அளவில் வெட்டி, ஓரத்தோடு ஓரம் தைத்தால் போர்வை.

தம்பி கொடுத்ததைத் தரையில் விரித்து, ஒரு தையல் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். நீலக் கட்டத்துக்குப் பக்கத்தில் அடுத்த பட்டையின் வெள்ளைக் கட்டம் நேராக உட்கார்ந்திருக்கிறதா? அப்படியென்றால் நெய்தவர் அந்த நீளம் முழுக்க ஊடையை, அதாவது குறுக்கு நூலை, ஒரே சீராக அடித்திருக்கிறார். அங்கங்கே தளர்வாக அடித்திருந்தால் கட்டங்கள் விலகிப் போயிருக்கும். முழுப் போர்வையையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு சாணுக்குள் நெய்கிறார். எனக்கு இது பெரிய வித்தையாகப் படுகிறது.

அகலத் துணி அவர்கள் பார்க்காததும் இல்லை. டியூலாக்கள் ஊர் ஊராகப் போன வணிகர்கள். நைஜீரியாவில் பெண்கள் நிமிர்ந்த தறியில் அகலமாகவே நெய்கிறார்கள். ஆனால் பட்டையைச் சுருட்டி மூட்டையில் போட்டுவிடலாம். மேற்கு ஆப்பிரிக்காவில் துணி பணமாகவும் புழங்கியது. செனகல் ஆற்றுப் பகுதியில் அப்படி இருந்ததை அரபுப் புவியியலாளர் அல்-பக்ரி 11ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார்.

டியூலாக்களின் பெரிய நகரம் கொங். 1888இல் அங்கே போன பிரெஞ்சு அதிகாரி பிஞ்ஜே, அந்த ஊரின் நெசவையும் அவுரிச் சாயத்தையும் பற்றி எழுதினார். 1897இல், பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்டுவந்த சமோரி தூரேயின் படை ஊரை அழித்தது. அதோடு எத்தனை தறிகள் போயினவோ! நெசவு மட்டும் நிற்கவில்லை. கோரோகோ அருகே வரானியேனே கிராமத்தில் டியூலாக்கள் இன்றும் நெய்கிறார்கள். அந்தப் பகுதியின் செனூஃபோ விவசாயிகள், இறந்தவரைப் போர்த்த அவர்களிடம்தான் துணி வாங்கிவந்தார்கள்.

அப்புறம் ஒன்று. தையல் எங்காவது பிரிந்தால் மெஷினில் மடித்துத் தைக்கக் கொடுத்துவிடாதீர்கள். மடிப்புக்குள் துணி போய்ப் பட்டையின் அகலம் குறைந்துவிடும். வீட்டிலேயே ஊசி நூலால் ஓரத்தோடு ஓரம் சேர்த்தால் போதும்.