பிளஸ் டூ முடிந்து கல்லூரி திறப்பதற்குள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். பொறியியல் கலந்தாய்வில் இசிஇ (மின்னணு, தொடர்புப் பொறியியல்) கிடைக்கும் போலிருக்கிறது. பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான் நடத்துவார்கள் என்கிறார்கள். கல்லூரி திறப்பதற்குள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரட்டுமா?
– மாணவி, அரியலூர் மாவட்டம்

சேர்வதில் தவறில்லை. ஆனால் முதல் செமஸ்டரில் உங்களைத் தடுமாற வைப்பது பேச்சு ஆங்கிலம் அல்ல, பாட ஆங்கிலம். கணக்கு உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும். அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது வேறு ஏதோ புதிய கணக்கு என்று தோன்றிவிடும். அந்தப் பயத்தில் முதல் இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டவர்கள்தான் பிறகு பிடிக்க முடியாமல் திணறுகிறார்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் (பாடத்திட்ட, தேர்வு விதிகள்) முதல் செமஸ்டர் கணிதத் தாள் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ என்று இருந்தது; 2025இல் புதிய ஒழுங்குமுறை வந்துவிட்டதால் உங்கள் ஆண்டுக்கான தாளைக் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐகன் வேல்யூ, மல்டிபிள் இன்டெக்ரல் போன்றவை புதிதாக வரும். அடித்தளம் மட்டும் உங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது: முதல் தொகுதியில் அணிகள், அணிக்கோவைகள்; இரண்டாம் தொகுதியில் வகை நுண்கணிதம், பகுதி வகைக்கெழு, தொகை நுண்கணிதம். ஆகவே இந்த விடுமுறைக்கு வேறு புத்தகம் தேடாதீர்கள். அதே பாடநூலின் ஆங்கில வழிப் பதிப்பை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டிலும் அத்தியாய வரிசையும் எடுத்துக்காட்டு எண்களும் ஒன்றுதான்.

ஒரு நாளைக்கு ஐந்து எடுத்துக்காட்டுகள் போதும். முதலில் தமிழில் ஒருமுறை போட்டுவிடுங்கள். அதே எண்ணுள்ள கணக்கை ஆங்கிலப் புத்தகத்தில் வாய்விட்டுப் படியுங்கள். பிறகு இரண்டையும் மூடிவைத்துவிட்டு, கேள்வி முதல் கடைசி விடை வரை ஆங்கிலத்தில் முழுதாக எழுதுங்கள். சமன்பாட்டை மட்டும் எழுதிவிட்டு நடுவில் வரும் வரிகளை விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. ‘லெட்’, ‘சப்ஸ்டிட்யூட்டிங்’, ‘டிஃபரன்ஷியேட்டிங் வித் ரெஸ்பெக்ட் டு எக்ஸ்’, ‘ஹென்ஸ்’ என்று திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் கொஞ்சம்தான். கை பழகிவிட்டால் தேர்வுத் தாளில் தானாக வந்துவிடும். இயற்பியலில் வரையறைகளையும் படங்களின் பாகப் பெயர்களையும் மட்டும் இதே முறையில் எழுதிப் பாருங்கள்.

வகுப்பில் குறிப்பெடுக்கும்போது இடப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். புரியாத சொல்லை வலப்பக்கத்தில் வட்டமிட்டு வைத்து, அன்றிரவே அதன் பொருளை எதிரே தமிழில் எழுதிவிடுங்கள். வார இறுதிக்குத் தள்ளினால் சேர்ந்துபோகும்.

கணினி நிரல் மொழியான பைத்தானைப் பற்றியும் ஒரு வார்த்தை. புரோகிராமை மனப்பாடம் செய்து எழுதினால் ஆய்வகத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ‘இஃப்’ வரியின் முடிவில் முக்காற்புள்ளி விடுபட்டாலோ, அடுத்த வரி உள்தள்ளாமல் இருந்தாலோ ஓடாது. பத்து வரிக்கு மேற்படாத சின்னச் சின்ன நிரல்களை நீங்களே தட்டி, வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாக்கி, என்ன பிழைச் செய்தி வருகிறது என்று பாருங்கள். பிழைச் செய்தியைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பைத்தான் கடினமே இல்லை.

கேள்வி: மகனுக்கு ஆதாரில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி பெயர் இருக்கிறது. எதைத் திருத்துவது? வேறு என்ன சான்றிதழ்கள் எடுத்து வைக்க வேண்டும்?
– ஒரு தந்தை, நாமக்கல்

மார்க் ஷீட்டில் இருப்பதுதான் இனி எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதில் எழுத்துப் பிழை இல்லையென்றால் ஆதாரைத்தான் அதற்குப் பொருந்தும்படி திருத்த வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. எனவே ஆதார் மையத்தில் திரையில் தட்டச்சு செய்வதை ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். இனிஷியல் முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா, நடுவில் இடைவெளி இருக்கிறதா என்பதெல்லாம் முக்கியம். உதவித்தொகை விண்ணப்பங்கள் பெயர் பொருந்தாமலே பல நேரம் நின்றுபோகின்றன. மார்க் ஷீட்டிலேயே பிழை என்றால் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். டிசி வாங்குவதற்கு முன்பே அதைத் தொடங்கிவிடுங்கள் ஐயா.

சாதிச் சான்றிதழ் கையில் இருக்கும். ஐஐடி, என்ஐடி போன்ற மத்திய நிறுவனங்களுக்கும் விண்ணப்பித்திருந்தால், பிற்படுத்தப்பட்டோருக்கு மாநிலச் சான்றிதழ் மட்டும் போதாது. கிரீமிலேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று குறிப்பிடும் ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். அதையும் ஏப்ரல் 1க்குப் பிறகு புதிதாக வாங்கியிருக்க வேண்டும். பழையதைக் கொண்டுபோய்க் கடைசி நாளில் அலைபவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

குடும்பத்தில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். அண்ணன், அக்காள் யாராவது இச்சலுகையில் படித்திருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. இன்னொன்று: இந்தக் கட்டணச் சலுகை கலந்தாய்வில் கிடைக்கும் இடத்துக்குத்தான். மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டுச் சான்றிதழை நீட்டினால் பயன் இல்லை.

மகன் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் வருவார். அதற்குப் படித்த எல்லாப் பள்ளிகளிடமிருந்தும் சான்று வேண்டும். நடுவில் ஊர் மாறியிருந்தால் பழைய பள்ளிக்கு நேரில் போக வேண்டியிருக்கும், இப்போதே போய்விடுங்கள்.

அசலைக் கல்லூரியில் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் கலரில் ஸ்கேன் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். அசலைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொன்னால் எந்தெந்தச் சான்றிதழ் என்று பட்டியலிட்டு முத்திரையுடன் ஒப்புகை கேளுங்கள்.

கேள்வி: “ஃபர்ஸ்ட் இயர் ஜாலியாக இரு, அப்புறம் படித்துக்கொள்ளலாம்” என்று தெரிந்த அண்ணன்கள் சொல்கிறார்கள். அரியர் வைத்தால் அப்படி என்ன ஆகிவிடும்?
– மாணவர், தூத்துக்குடி

தம்பி, இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 2021 ஒழுங்குமுறைப்படி ஒரு தியரி தாளுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்ச்சிக்கு மொத்தம் 50 வேண்டும்; அதோடு செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம், அதாவது 60க்கு 27 எடுத்தாக வேண்டும். இன்டர்னலில் 36 வாங்கிய ஒருவர் செமஸ்டரில் 25 எடுத்தால் மொத்தம் 61. ஆனாலும் அரியர்தான். இன்டர்னலில் 15 மட்டுமே வைத்திருப்பவருக்கோ செமஸ்டரில் 35 தேவைப்படும். இன்டர்னலில் 30க்கு மேல் வைத்திருப்பவர் 27 எடுத்தாலே கரையேறிவிடுவார். ஜாலியாக இருக்கிற முதல் இரண்டு மாதத்தில்தான் இன்டர்னல் தேர்வுகள் வந்துபோகின்றன. அந்த மதிப்பெண் போனால் போனதுதான்.

முதல் செமஸ்டரில் இரண்டு தாள் நின்றால், இரண்டாம் செமஸ்டரில் அந்த செமஸ்டரின் தாள்களோடு இவற்றையும் எழுத வேண்டும். கணிதம் போன பின் அதை அடிப்படையாகக் கொண்ட அடுத்த தாளும் ஆட்டம் காணும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் நிறுவனங்களில் பல, பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் 60 சதவீதத்தோடு, நிலுவை அரியர் இருக்கக் கூடாது என்றும் கேட்கின்றன.

வருகைப் பதிவு 75 சதவீதம். மருத்துவக் காரணம் போன்றவற்றுக்குச் சான்று இருந்தால் 65 வரை மன்னிப்பு உண்டு. அதற்கும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது, அந்த செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். 90 வேலை நாள் உள்ள செமஸ்டரில் நீங்கள் எடுக்கக்கூடியது 22 நாள். திருவிழா, திருமணம், காய்ச்சல் எல்லாம் அதற்குள்தான்.

தன்னாட்சிக் கல்லூரிகளிலும் கலை அறிவியல் கல்லூரிகளிலும் 2025இல் வந்த புதிய ஒழுங்குமுறையிலும் இந்த எண்கள் மாறலாம். சேர்ந்த வாரமே உங்கள் கல்லூரியின் ஒழுங்குமுறை நூலை வாங்கி மதிப்பெண், வருகைப் பகுதிகளை மட்டுமாவது படித்துவிடுங்கள். அண்ணன்கள் சொல்வது அவர்கள் சேர்ந்த ஆண்டின் விதி.

கேள்வி: மகளை முதன்முதலாக ஹாஸ்டலில் விடப்போகிறோம். ராகிங் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், திண்டுக்கல்

உங்கள் பயம் நியாயமானது அம்மா. தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடுக்க 1997லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது; சிறைத் தண்டனை உண்டு. யுஜிசியின் 24 மணிநேர உதவி எண் 1800-180-5522. மகளின் செல்பேசியிலும் உங்களுடையதிலும் பதிந்து வையுங்கள். வார்டன் எண்ணையும் துறைத் தலைவர் எண்ணையும் கூடவே. பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம் என்பதை மகளிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை. “படிப்பை நிறுத்திவிடுவார்கள்” என்ற பயம்தான் காரணம். அப்படிச் செய்ய மாட்டோம் என்று நீங்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். தினமும் அரைமணி நேரம் பேசுவதைவிட, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே நேரத்தில் பத்து நிமிடம் பேசும் வழக்கம் நல்லது. குரல் மாறினால் உடனே தெரியும்.

பொருட்கள் வாங்க அவசரப்படாதீர்கள். கட்டில் அளவு தெரியாமல் மெத்தை வாங்காதீர்கள். வாளி, பூட்டு இரண்டு, வழக்கமாகப் போடும் மாத்திரைகள், மருந்துச் சீட்டின் நகல் இவை முதல் நாளே தேவை. மற்றதை வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: அரசு தரும் மாதம் ஆயிரம் ரூபாய் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு வரவே இல்லை. கல்விக் கடனும் எடுக்க வேண்டும். என்ன கவனிக்க வேண்டும்?
– மாணவி, கடலூர்

புதுமைப் பெண் திட்டப் பணம் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். பாஸ்புக்கில் ஆதார் எண் இருப்பது மட்டும் போதாது. நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக அந்தக் கணக்கை ஆதாரோடு இணைக்கச் சொல்லி வங்கியில் படிவம் கொடுக்க வேண்டும். இரண்டு கணக்கு வைத்திருப்பவருக்குக் கடைசியாக இணைத்த கணக்கில் பணம் போய்விடும். பலருக்கு வந்த பணம் பழைய கணக்கில் கிடக்கிறது. 18 வயது முடிந்ததும் மைனர் கணக்கை மாற்ற மறக்க வேண்டாம். ஆண் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் இதே வழிதான்.

கல்விக் கடன் 4 லட்சம் வரை கைப்பணம் போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை பொதுவாகச் சொத்து ஈடு கேட்பதில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாக வர வேண்டும். சேர்க்கைக் கடிதம், நான்கு ஆண்டுக்குமான கட்டண விவரம் கல்லூரி முத்திரையுடன், பான் அட்டை, வருமானச் சான்று வேண்டும். நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் விடுதியையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் ஆண்டுக்கு மட்டும் கேட்டுவிட்டு அடுத்த ஆண்டு திரும்பப் போனால் இழுபறி ஆகும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முடிந்தவர்கள் படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால் பின்னால் சுமை குறையும்.

கேள்வி: லேப்டாப் இப்போதே வாங்கட்டுமா?
– மாணவர், திருப்பூர்

வேண்டாம். முதல் செமஸ்டருக்குக் கல்லூரி ஆய்வகம் போதும். உங்கள் துறையில் எந்த மென்பொருள் ஓட வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.