வெளியே போகும்போது கையில் எடுத்துப்போக, வீட்டிலேயே செய்யக்கூடிய எழுத்து விளையாட்டு ஏதாவது உண்டா?

உங்கள் பிள்ளைக்கு மூன்றரை, நான்கு வயது இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். காத்திருக்கும் இடத்திலெல்லாம் போனைக் கொடுத்துக் கொடுத்து உங்களுக்கே வெறுத்துப் போயிருக்கும். (இந்த வயதில் எழுத்து எதற்கு என்று கேட்க ஒருவர் நிச்சயம் வருவார். ஐயா, நான் பென்சிலையே தொடச் சொல்லவில்லை. விளையாடத்தான் சொல்கிறேன்.)

முதலில் நான் செய்த தப்பு. மகளுக்காகத் தண்ணீர் பாட்டில் மூடிகளைச் சேர்த்தேன். உயிர் 12, க முதல் ன வரை 18, ஆய்தம் 1, ஆக 31 மூடி. ஒவ்வொன்றிலும் அழியாத மையில் ஓர் எழுத்து. (அழியாத மை என்று எழுதியிருந்தது. எச்சில் பட்டதும் அழிந்தது.) போட்டுவைக்க ஒரு தகர டப்பா. மூன்று ராத்திரி உட்கார்ந்து செய்து, போட்டோ எடுத்துச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பினேன். முதல் ரயில் பயணத்திலேயே டப்பா கவிழ்ந்தது. முட்டி போட்டு இருக்கைகளுக்கு அடியில் துழாவியதில் 27 கிடைத்தன. தொலைந்த நாலில் ழ ஒன்று. அதன்பிறகு டப்பாவைத் திறந்தாலே "ழ எங்கே?" என்று அழுகை. ஒன்று குறைந்தாலும் ஓடாத விளையாட்டை வெளியே கொண்டுபோகவே கூடாது என்று அன்று புரிந்தது.

மூடியில் வேறு தொல்லைகளும் உண்டு. வட்டமாக இருப்பதால் எது மேல், எது கீழ் என்று தெரியாது. ப தலைகீழாக வந்தால் "மேசை" என்பாள். பார்த்தால் மேசைதான், அவளைக் குறை சொல்ல முடியாது. அதைவிட முக்கியம், மூடியின் அகலம் சுமார் 3 செ.மீ. சின்னக் குழந்தையின் தொண்டையை அடைக்க அது போதும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் மூடியே வேண்டாம். பின்னால் காந்தம் ஒட்டலாமே என்று யோசித்தால் அதையும் விட்டுவிடுங்கள். சின்னக் காந்தம் இரண்டை விழுங்கினால், அவை ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும்.

அடுத்துச் செய்ததுதான் நிலைத்தது. சோப்பு வந்த அட்டைப்பெட்டியை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, இடது மேல் மூலையில் ஓட்டை போட்டு, ஷூ லேஸில் கோத்தேன். ஓட்டை எப்போதும் அந்த மூலையில் இருந்தால் தலைகீழ்ப் பிரச்சினை கிடையாது. லேஸ் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம், கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஒரு தடவைக்கு ஐந்து அட்டைதான். போகிற வழியில் தெரியும் பெயர்ப் பலகைகளில் அந்த எழுத்தைக் கண்டுபிடித்தால், அந்த அட்டையைப் பின்பக்கம் தள்ளலாம். தொலைந்தால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம்.

நான் ட, ப, ம என்று நேர்க்கோடு அதிகமுள்ள எழுத்துகளில் ஆரம்பித்தேன். அ சுழியும் வளைவுமாகக் கஷ்டமான எழுத்து. அகர வரிசையை மதிக்காதவன் என்று சண்டைக்கு வராதீர்கள், வரிசை பாட்டாக வாயில் வந்துகொண்டுதான் இருந்தது. மூணு சுழி ணவையும் ரெண்டு சுழி னவையும் மட்டும் ஒரே லேஸில் கோக்காதீர்கள்.

மகளின் ஐந்து வயதில் செய்த 'ஜன்னல்' பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் கர்வம். ஒரு தடித்த அட்டையில் மூன்று இடங்களில் மேலும் கீழும் கீறல் போட்டு, மூன்று காகிதப் பட்டைகளை நுழைக்க வேண்டும். நடுப்பட்டையில் க முதல் ன வரை 18. இடப்பட்டையில் ஒரு வெற்றிடம், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு. வலப்பட்டையில் ஒரு வெற்றிடம், கால், ஔ வரிசைக்கு ஒரு ள. முனைகளை மடித்து ஒட்டிவிட்டால் பட்டை கழன்று விழாது. இவ்வளவுதான் பொருள், உயிர்மெய் 216-இல் 144 இதிலேயே வந்துவிடும். மீதி 72-ம் இ, ஈ, உ, ஊ வரிசைகள். அவை எழுத்தோடு ஒட்டிக்கொள்வதால் பட்டைக்கு அடங்காது, தனியாகத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இடப்பக்கம் சங்கிலிக்கொம்பும் வலப்பக்கம் காலும் சேர்ந்து வந்தால் "பொய் எழுத்து!" என்று கத்துவாள். அதற்காகவே பட்டைகளை இழுத்துக்கொண்டிருப்பாள். பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "லைக்குத் துதிக்கை எங்கேப்பா?" என்று கேட்டார். (பழைய லையில் கொம்புக்குப் பதில் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு எழுத்தோடு ஒட்டியிருக்கும்.) 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் லை, ணை, னா, றா போன்ற 13 எழுத்துகள் மாறியிருக்காவிட்டால் என் ஜன்னலில் அவை வந்திருக்காது, உண்மைதான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனது ஆறவில்லை. பள்ளிக் கண்காட்சிக்குக் கற்பித்தல் பொருள் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஜன்னலைப் பெரிய அளவில் செய்து கொடுத்தேன். பாராட்டினார்கள். கண்காட்சி முடிந்ததும் ஆபீஸ் அறைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஒரு பிள்ளை கைபட்டதில்லை. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒருவரைக் கைகாட்டினார்கள். போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது மகள் அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, பட்டையைத் தலைகீழா மாட்டியிருக்காங்க. ப மேசை ஆயிடுச்சு."