வேர்ட்பிரஸ் தீமில் செய்த மாற்றம் அப்டேட்டில் அழிகிறது, வேறு சிஎம்எஸ் (தளத்தை நிர்வகிக்கும் மென்பொருள்) எது?

15 பக்கத் தளத்துக்கு, அதுவும் எழுதுகிற இருவருக்கும் கோடிங் தெரியாது என்கிறீர்கள், வேர்ட்பிரஸே போதும். மாற வேண்டாம். சைல்ட் தீம் ஒன்று போடுங்கள், அதாவது மூல தீமைத் தொடாமல் உங்கள் மாற்றங்களை மட்டும் தனி ஃபோல்டரில் வைத்திருக்கும் துணை தீம்.

ஒவ்வொரு அப்டேட்டிலும் உங்கள் வடிவமைப்பு காணாமல் போவதற்குக் காரணம், அநேகமாக மூல தீமின் ஃபைல்களிலேயே கை வைத்திருப்பீர்கள். அப்டேட் வரும்போது அந்த ஃபோல்டர் முழுவதுமாக மாற்றப்படும். துருபால் (Drupal) என்ற வேறு சிஎம்எஸ்ஸுக்குப் போனாலும் இதே தவறு இதே தலைவலியைத்தான் தரும்.

முதலில் பேக்கப். அப்புறம் மூல தீமின் அதே பதிப்பின் புதிய பிரதியை இறக்கி, நீங்கள் மாற்றிய தீமோடு ஃபைல் ஃபைலாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசப்படும் ஃபைல்களை மட்டும், பழைய ஃபோல்டர் அமைப்பு மாறாமல், சைல்ட் தீமுக்குக் கொண்டுபோங்கள். சைல்ட் தீமின் ஸ்டைல் ஃபைலின் (style.css) தலைப்பில் 'டெம்ப்ளேட்' என்ற வரியில் மூல தீமின் ஃபோல்டர் பெயர் வர வேண்டும், திரையில் தெரியும் பெயர் அல்ல. பலரும் சறுக்குவது இங்கேதான்.

ஃபங்ஷன்ஸ் ஃபைலை (functions.php) மட்டும் அப்படியே காப்பி செய்யாதீர்கள். மூல தீமின் ஃபங்ஷன்ஸ் ஃபைலும் சைல்ட் தீமினுடையதும் சேர்ந்தே லோட் ஆகும், ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் மோதினால் தளமே நின்றுவிடும். நீங்கள் சேர்த்த வரிகள் மட்டும் போதும்.

கிராவ் (Grav) என்ற சிஎம்எஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டேட்டாபேஸ் கிடையாது, பக்கங்கள் மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதும் உரை) ஃபைல்கள், டெம்ப்ளேட்டுக்கு ட்விக் என்ற டெம்ப்ளேட் மொழி. எனக்குப் பிடித்ததுதான். ஆனால் தீமை நீங்களே எழுதும் எண்ணம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.