செக் என்ஜின் விளக்கு: பழைய கார்க்காரர்கள் கேட்டவை

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, என்னட்ட 94 கொரோலா. செக் என்ஜின் லைட் எரியுது, ஸ்கேனர் மாட்ட 16 பின் சொக்கெட் இல்லை. கோட் எப்படிப் பார்க்கிறது?

பதில்: கோட் என்பது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு எண், அதைப் பார்க்க ஸ்கேனரே தேவையில்லை தம்பி. பானட்டைத் திறந்தால் டயக்னோசிஸ் என்று எழுதிய சின்னப் பெட்டி இருக்கும், எந்தத் துளை எது என்று மூடியின் உட்புறத்திலேயே போட்டிருப்பார்கள். டிஇ1 (TE1), இ1 (E1) என்ற இரண்டு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு, ஏசியை அணைத்து, ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல், சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள், ஸ்டார்ட் வேண்டாம். துளையைச் சரியாகப் பார்த்துக் குத்துங்கள், பாட்டரி மின்சாரம் வருகிற துளையும் அதே பெட்டியில்தான் இருக்கிறது. விளக்கு நிற்காமல் ஒரே சீராக மின்னினால் எந்தக் கோளாறும் பதிவாகவில்லை. இரண்டு மின்னல், ஒன்றரை விநாடி இடைவெளி, மறுபடி இரண்டு என்று வந்தால் 22, அதாவது கூலன்ட் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் சர்க்யூட். 21 ஆக்சிஜன் சென்சார், 41 த்ராட்டில் சென்சார். பல கோட் இருந்தால் சிறிய எண்ணில் தொடங்கி வரிசையாக வரும், தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 22 வந்த உடனே சென்சார் வாங்க ஓட வேண்டாம், இந்த வயசு வண்டியில் கனெக்டரில் பச்சை பூத்திருப்பதும் வயர் அறுந்திருப்பதும் சகஜம். சரி செய்த பிறகு சாவியை அணைத்து, இஎஃப்ஐ (EFI) என்று எழுதிய ஃபியூஸை அரை நிமிடம் கழற்றி வைத்தால் பதிவு அழியும்.

கேள்வி (கோவை): சார், பி0171 வந்தது. ஆக்சிஜன் சென்சார் புதுசு போட்டும் அதே கோட் திரும்ப வருது.

பதில்: வரத்தான் செய்யும். கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்று தகவல் சொன்னதே அந்த சென்சார்தான், சொன்னவனைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டீர்கள். ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற எண்ணைப் பாருங்கள். ஐடிலில் பிளஸ் 20க்குப் பக்கம் நின்று, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்ஜியம் நோக்கி இறங்கினால் எங்கோ வேக்குவம் ஹோஸ் வெடித்திருக்கிறது, இல்லை இன்டேக் கேஸ்கட் கசிகிறது. ஆர்பிஎம் ஏற ஏற டிரிம்மும் ஏறினால் ஃபியூயல் பம்ப், ஃபில்டர், ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் போங்கள்.

கேள்வி: ஓட்டும்போது விளக்கு விட்டு விட்டு மின்னுது, வீடு வரைக்கும் ஓட்டலாமா அண்ணா?

பதில்: ஓட்டாதீர்கள், ஓரம் கட்டுங்கள். மிஸ்ஃபயர் அது, ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுப் பாழாக்கும். கோட் பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காயில் (பிளக்குக்கு மின்சாரம் தருவது) உள்ள வண்டியாக இருந்தால் அந்தக் காயிலை மூன்றாவதுக்கு மாற்றிப் போட்டு ஓடவிடுங்கள், கோட் பி0303 ஆனால் காயில்தான் போயிருக்கிறது. மாறாமல் அங்கேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன்.

கேள்வி (நியூ ஜெர்சி): 98 ஹோண்டா. இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னாடி பாட்டரி வயரைக் கழற்றினால் விளக்கு அணையுமே, பாஸ் ஆகிவிடாதா?

பதில்: விளக்கு அணையும், கூடவே கம்ப்யூட்டர் முடித்து வைத்த சுயபரிசோதனைகளும் அழிந்துவிடும். இன்ஸ்பெக்ஷன்காரர்கள் பிளக் மாட்டியதுமே அது தெரிந்து திருப்பி அனுப்புவார்கள். கோளாறைச் சரி செய்து சில நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டுப் போங்கள். கோட் பி0455, அதாவது பெட்ரோல் ஆவி கசிவு, என்றால் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கிப் பாருங்கள்.