வேட்டைக்கு எத்தனை பவுண்டு வில்?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். வயது 41, உயரம் ஐந்தரை அடி. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி அடுத்த ஆண்டு மான் வேட்டைக்கு அழைக்கிறான். அங்கே உரிமம் பெற்று வில்லால் வேட்டையாடலாம். கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லில் எனக்கு நாட்டமில்லை. லாங்போ எனப்படும் நெடுவில்லையே கற்க விரும்புகிறேன். விற்பனையாளர் ஒருவர் 55 பவுண்டு வில்லை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? இங்கேயே பழக முடியுமா?
– ஏற்காட்டு வாசகர்

பதில்: அந்த வில்லை வாங்காதீர்கள். நானும் முதலில் 50 பவுண்டு வில்லைத்தான் வாங்கினேன். நாணைக் கன்னம் வரை கொண்டுவரும் வலு இல்லாமல் பாதியிலேயே விட்டுவிடும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அந்த வில்லை விற்ற பிறகும் பழக்கம் ஓராண்டு என்னை விடவில்லை. காம்பவுண்ட் வில்லில் முழுதாக இழுத்தபின் பாரம் குறைந்துவிடும். நெடுவில்லிலோ இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கொண்டே போகும் என்பதால், மிகக் கனமான அந்தக் கணத்தில்தான் நீங்கள் குறியையும் பார்த்தாக வேண்டும்.

வில்லில் எழுதியிருக்கும் பவுண்டுக் கணக்கு, அதாவது நாணை இழுக்கத் தேவையான விசை, 28 அங்குல இழுப்புக்கு உரியது. இரு கைகளையும் விரித்தால் வரும் நீளத்தை இரண்டரையால் வகுத்தால் உங்கள் இழுப்பு ஏறத்தாழத் தெரிந்துவிடும். ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு அது 26 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு மூன்று பவுண்டு குறையும் என்பதால், 45 பவுண்டு என்று எழுதிய வில் உங்கள் கையில் 41 பவுண்டளவில்தான் நிற்கும். மான் வேட்டைக்குக் குறைந்தது 40 பவுண்டு கேட்கும் மாநிலங்கள் அங்கே உண்டு. தம்பியின் மாநிலத்து விதியை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆகவே 30 அல்லது 35 பவுண்டில் தொடங்கிச் சில மாதங்கள் கழித்து 45க்குப் போவதே முறை. வில்லின் நீளம் 66 அங்குலம் போதும். வாங்குமுன், குறிபார்க்கும்போது உங்களுக்கு முந்தும் கண் எது என்று பாருங்கள். வலக்கைக்காரராக இருந்தும் இடக்கண் முந்துமானால் இடக்கை வில்லைப் பழகுவது நல்லது.

அம்பில் சிக்கனம் பார்க்க வேண்டாம். விடுபட்ட அம்பு வில்லைச் சுற்றி வளைந்துதான் வெளியேறுகிறது. அந்த வளைவு வில்லின் வலுவுக்குப் பொருந்தவில்லையென்றால் எவ்வளவு நன்றாக எய்தாலும் ஒரு பக்கமாகவே போகும். வேட்டை அம்புக்குப் பவுண்டுக்குப் பத்து கிரெய்ன் எடை என்பது வில்லாளிகளின் கணக்கு. உங்களுக்கு 410 கிரெய்ன், அதாவது சுமார் 27 கிராம். பிளாஸ்டிக் சிறகு வில்லில் உரசி அம்பைத் திருப்பிவிடும். பறவை இறகு மடங்கிக் கொடுக்கும். ஆனால் உங்கள் ஊர் மூடுபனியில் நனைந்தால் அந்த இறகு படிந்துபோகும். பனி விலகிய பிறகு பழகுங்கள்.

பழகுவதற்குக் காப்பிச் சாக்கில் பழந்துணியை இறுக அடைத்து, மண்மேட்டின் முன் வையுங்கள். சில்வர் ஓக் மரத்தைக் குறியாக்கினால் அம்பு தெறிக்கும். மேட்டுக்கு அப்பால் ஆட்கள் நடக்கும் தடம் இருக்கவே கூடாது. முதல் மாதம் நான்கடி தூரத்தில் நின்று குறியே பார்க்காமல் எய்யுங்கள். நடுவிரல் ஒவ்வொரு முறையும் வாயோரத்தில் அதே இடத்தைத் தொடுகிறதா என்பதைத் தவிர வேறெதையும் கவனிக்க வேண்டாம். நாளுக்கு முப்பது அம்பு போதும். அம்பில்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள், வில் உடையும்.

இங்கே பழகுவதோடு சரி. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கான முயற்சியையும் வேட்டை என்றே கொள்கிறது. காட்டுப்பன்றி தோட்டத்தைக் கிளறினாலும் வனத்துறையிடம்தான் போக வேண்டும். நெடுவில்லுக்குப் பேர்போன இங்கிலாந்திலேயே இன்று வில்வேட்டைக்குத் தடை என்பது வேடிக்கைதான்.

ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாக நம் பக்கத்துக் கொல்லிமலை வல்வில் ஓரியைச் சங்கப் பாடல் புகழ்கிறது. அதைக் கேட்டுத் தூரத்தைக் கூட்டிவிடாதீர்கள். அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. சவரக் கத்திபோல் தீட்டிய முனை நுரையீரலைக் கிழிப்பதால் குருதி வடிந்தே மான் விழும். முனை மழுங்கியிருந்தாலோ வயிற்றில் பட்டாலோ அது பல மணி நேரம் துடிக்கும். ஆகையால் காலையில் எழுந்ததும், கை சூடேறுமுன், பதினைந்து கஜத்திலிருந்து ஒரே ஓர் அம்பை எய்து குறித்து வையுங்கள். காட்டில் கிடைப்பது அந்த ஓர் அம்புதான். முப்பது நாள்களில் எத்தனை நாள் அது ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் விழுந்தது என்ற கணக்கை வைத்தே, தம்பியுடன் போகும்போது வில்லை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று: சேலத்துக்கு இறங்கும் நாள்களில் வில்லை மூடிய காரில் விட்டுச் செல்லாதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், ஒட்டிச் செய்த வில்லின் பட்டைகள் பிரிந்துவிடும்.