மாங்காய், மயில், யானை

அன்புள்ள சார்,

எட்டு வருடமாக வீட்டிலேயே ஆரி ஒர்க் செய்கிறேன். கல்யாண பிளவுஸ்தான் அதிகம். முன்பெல்லாம் துணியை ஃப்ரேமில் மாட்டினாலே டிசைன் தானாக வரும். ஆறு மாதமாக எதை வரைந்தாலும் அதே மாங்காய், அதே மயில், அதே யானை. ஒருவருக்குக் கற்பனை இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்திருக்குமோ? எனக்குத் தீர்ந்துவிட்டதா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

தீரவில்லை. தீர்ந்துபோனவருக்கு அது அதே மயில் என்றே தெரியாது, இன்னும் நூறு பிளவுஸுக்குச் சந்தோஷமாகப் போட்டுத் தள்ளுவார். உங்களுக்குச் சலிக்கிறதென்றால் கண் கையை முந்திக்கொண்டு போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆனால் இதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸ் 1926க்குப் பிறகு பெரிய படைப்பு எதையும் வெளியே விடவில்லை. இறந்தது 1957இல், 91 வயதில். சும்மா இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. எட்டாவது சிம்பொனியை வருடக்கணக்கில் எழுதினார், இதோ தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார், கடைசியில் 1940களில் ஒருநாள் கூடை நிறையக் காகிதங்களைக் கொண்டுவந்து வீட்டிலேயே நெருப்பில் போட்டார். சிம்பொனியும் அதோடு போயிற்று என்றுதான் கருதுகிறார்கள். அதற்கப்புறம் மனுஷன் நிம்மதியானார் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த நிம்மதிதான் பயமாக இருக்கிறது. வற்றியவர் வீட்டில் எரிக்க அவ்வளவு காகிதம் ஏது?

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் வேறு மாதிரி. 1941இல், 71 வயதில், வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை. அதன்பின் நெடுநேரம் நின்று வரைய முடியவில்லை. உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த காகிதத்தைப் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி கத்தரிக்கோலால் வெட்டினார், 1954இல் இறக்கும்வரை. இந்த வெட்டு வேலை புதிதாக உதித்ததல்ல. பத்து வருடம் முன்பே ஒரு சுவரோவியத்தில் உருவங்களை எங்கே வைப்பது என்று பார்க்க, தையற்காரர் பேப்பர் கட்டிங் போட்டுப் பார்ப்பதுபோல வெட்டி ஒட்டிப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு அது வெறும் முன்தயாரிப்பு.

சரி, ஒன்று கேட்கிறேன். அந்த மயிலை வரைவது நீங்களா, இல்லை போனில் போட்டோ அனுப்பி 'இதே மாதிரி வேணும்' என்கிற கல்யாண வீட்டாரா? ஆர்டர் இல்லாத மிச்சத் துணி ஒன்றை மாட்டுங்கள். ட்ரேஸ் எடுக்காமல் நேரே ஊசியை இறக்குங்கள். கோணலாக வந்தால் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள். மயிலாக வந்தால் வேண்டாம்.